ஊரும் பேரும் சொல்லி ஒரு ஜெபம்

எங்கள் சபையில் ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு, ஆண்டவருக்கு விலாசம் சரியாகத் தெரியாதோ என்ற கவலை எப்போதும் உண்டு. ஒருவர் காய்ச்சலில் கிடந்தால் பேரைச் சொல்வதோடு விடமாட்டார்கள். எந்தத் தெரு, எந்த ஆஸ்பத்திரி, மாடியா கீழா, எந்த டாக்டர் பார்க்கிறார், போன வாரம் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை என்பது வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துச் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவள் நான். இதில் அன்பு உண்டு. கூடவே கொஞ்சம் வம்பும் உண்டு என்பது தெரிந்ததுதான். வம்பு கலக்காத அன்பு சங்கரன்கோவிலில் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று சிரித்துக்கொண்டு விட்டுவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கொரோனாவுக்குப் பள்ளிகளைப் பூட்டிய காலத்தில் போனில் பாடம் நடத்தப் பழகினேன். பள்ளிகள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒருநாள் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்தில் பேச்சு வந்தது. பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் மட்டும் தவறி, அதோடு கல்யாணமாகி, அப்படியே நின்றுபோன பெண்கள் இந்தப் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆன்லைனில் பாடம் எடுத்து மறுபடி பரீட்சை எழுத வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். நான் எடுக்கிறேன் என்றேன். எந்த மதத்துப் பெண்ணும் வரலாம், காசு வாங்கக்கூடாது என்று முடிவாயிற்று.

முதலில் கைதட்டியவர் ஐயரம்மா. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். அவர் மனைவி ஐயரம்மா, பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. கொரோனா நாட்களில் எந்தச் சாதி, எந்த மதம் என்று பாராமல் தெருத்தெருவாகச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் படிக்கிறவர்களுக்கு அவர் மேல் மட்டும் கோபம் வந்துவிடக் கூடாது.

வகுப்பை ஜெபத்தோடு ஆரம்பிப்பதா வேண்டாமா என்பதில் சபைக் கமிட்டியில் பெரிய சண்டை.

"ஜெபம் இல்லாம ஆரம்பிச்சா அது டியூஷன்லா? அத ஊழியம்னு எப்படிச் சொல்லுதது?" என்று கமிட்டியில் ஒரு அண்ணாச்சி கேட்டார்.

"பிள்ளைங்க பாஸ் பண்ணட்டும் அண்ணாச்சி. அதான் ஊழியம்."

"ஆண்டவர் பேரச் சொல்ல ஒனக்கு வெக்கமா இருக்கோ?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "வெக்கம் இல்ல. படிப்புன்னு கூப்பிட்டு ஆள் பிடிக்காங்கன்னு பேர் வாங்குனாத்தான் வெக்கம்" என்றேன். அண்ணாச்சி அதன்பின் பல வாரம் என்னிடம் பேசவில்லை. கடைசியில் ஐயர் ஒரு வழி சொன்னார். வகுப்பு தொடங்கும்போது கொஞ்ச நேரம் எல்லாரும் மௌனமாக இருப்பது. அவரவர் அவரவருடைய கடவுளை நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு அது பிடித்திருந்தது.

அதே சமயத்தில் வெளியூரிலுள்ள ஒரு கிறிஸ்தவக் கல்வி அமைப்பு, ஆன்லைனில் பாடம் எடுக்கிறவர்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்தது. எல்லாப் பண்பாட்டாரையும் அரவணைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்பதுதான் விஷயம். நானும் சேர்ந்தேன். கேமராவைப் போடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள், உதாரண வாக்கியங்களில் ஒரே மதத்துப் பேர்களை வைக்காதீர்கள், மற்றவர்களின் தொழுகை நேரம், நோன்பு, திருவிழா பார்த்து வகுப்பை வையுங்கள் என்றெல்லாம் சொன்னார்கள். நல்ல விஷயங்கள்தான். ஆனால் இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்ற மமதையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆடித்தபசுக்குச் சிவனும் பெருமாளும் ஒரே உருவாகக் காட்சி கொடுப்பதைப் பார்க்க ஊரே திரள்கிற இடத்தில் பிறந்தவளுக்கு, சேர்ந்து வாழ்வதைப் பற்றி ஒருவர் வகுப்பு எடுப்பதா என்று நினைத்தேன். பயிற்சி முடிவில் ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை, அது ஒன்றுதான் குறை.

வகுப்பு நன்றாகவே நடந்தது. குருவிகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டே பாடம் கேட்பாள். நான் கேள்வி கேட்டால் முதலில் ஆடு பதில் சொல்லும், பிறகுதான் அவள். என் வீட்டுப் பக்கம் விசைத்தறிச் சத்தம் ஓயாது. அதையும் மீறிக் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிடும். மத்தியானத் தொழுகை முடிந்து, சாப்பாடு முடிந்து, பிள்ளைகள் தூங்குகிற நேரமாகப் பார்த்து வகுப்பை வைத்திருந்தேன். நோன்பு மாதத்தில் அதையும் மாற்றினேன். உதாரண வாக்கியங்களில் எல்லா மதத்துப் பேரும் வரிசையாக வந்து சாப்பிட்டார்கள், ஓடினார்கள், கடிதம் எழுதினார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது.

கடையநல்லூரிலிருந்து சேர்ந்தவள் ஒருத்தி இருந்தாள். முஸ்லிம் பெண். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். கைக்குழந்தை ஒன்று. ஆங்கிலத்தில் ஏற்கெனவே இரண்டு தடவை எழுதித் தவறியவள். பாஸ் பண்ணிவிட்டால் அஞ்சல் வழியில் பட்டம் படித்து, ஊரிலேயே சின்னப் பிள்ளைகள் பள்ளியில் டீச்சராகிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. படி படி என்று கணவர்தான் போனில் தூண்டிக்கொண்டிருந்தாராம். அவள் கேமராவைப் போட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால் மற்றவர்கள் சரி டீச்சர் என்பார்கள். இவள் மட்டும், "அது ஏன் டீச்சர் அப்படி?" என்று கேட்பாள். பல நாள் அந்தக் கேள்விக்காகவே முந்தின நாள் உட்கார்ந்து படித்திருக்கிறேன். இந்த முறை அவள் பாஸ் பண்ணிவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பரீட்சை நெருங்கியபோது அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"டீச்சர், நாள் நெருங்க நெருங்க பயமா இருக்கு. உங்க கோயில்ல எனக்கும் சேத்து துவா கேளுங்க. நான் படிக்கது மாமிக்கு இன்னும் தெரியாது. பாஸ் ஆயிட்டுத்தான் அவுககிட்ட சொல்லணும்னு இருக்கேன்."

துவா என்றால் ஜெபம். மாமி என்றால் மாமியார். அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாங்கள் ஜெபத்தை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தோம், அவளாகக் கூப்பிட்டு உள்ளே விடுகிறாளே என்று மனம் பூரித்துப்போயிற்று. உடனே ஐயரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயரம்மா, அந்தக் கடையநல்லூர்ப் பிள்ள நம்மள ஜெபம் பண்ணச் சொல்லுது. வீட்டுல மாமியாருக்குத் தெரியாமப் படிக்குது, பாவம்."

"ஐயையோ. ரொம்பக் கண்டிப்பான பொம்பளையோ?"

"இருக்கும் ஐயரம்மா" என்றேன்.

அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பாஸ் ஆகிவிட்டுச் சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னாள். இரண்டு தடவை தோற்றவளுக்கு மூன்றாம் தடவையும் தோற்று நிற்கிற வெட்கம் போதாதா, மறைப்பதற்கு? எங்கள் சபையில் ஒரு பெண் இப்படி மறைத்திருந்தால் நான் அதைத்தான் நினைத்திருப்பேன். முஸ்லிம் வீடு என்றவுடன் வேறு காரணம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேமரா, தொழுகை நேரம், பேர்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தவளுக்கு, இது ஒன்று கண்ணில் படவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயரம்மா விண்ணப்ப ஜெபம் செய்தார். அவர் ஜெபித்தால் கல்லும் அழும். நோயாளிகள், வேலை தேடுகிறவர்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் என்று வரிசையாக வந்து, பிறகு அவள் பேரைச் சொன்னார்.

"ஆண்டவரே, கடையநல்லூரிலே இந்த மகள் வீட்டாருக்குப் பயந்து, மாமியாருக்கு ஒளித்து, மாடியிலே ஒதுங்கி உட்கார்ந்து படிக்கிறாளே, அவள் கண்ணீரைப் பாரும். அந்த மாமியாருடைய கல்லான இருதயத்தை உடைத்துப்போடும். அந்த வீட்டின் இருளை நீக்கும் சுவாமி."

மாடியை ஒருமுறை பேச்சுவாக்கில் நான்தான் சொல்லியிருந்தேன். பயமும் கண்ணீரும் இருளும் அவரே சேர்த்தது. சபை முழுதும் ஆமென் என்றது. நானும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

கொரோனாவிலிருந்து எங்கள் ஆராதனை இணையத்தில் நேரலையாகப் போகிறது. வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள் என்று வைத்தது, நிற்கவே இல்லை. அன்று மத்தியானம் பெண்கள் சங்கத்தில் யாரோ அந்த ஜெபத்தை மட்டும் வெட்டி எடுத்து, சகோதரிக்காக ஜெபித்தோம் என்று எழுதி, எங்கள் வகுப்பு வாட்சப் குழுவில் போட்டுவிட்டார்கள். ஆசையாகப் போட்டதுதான். நான் அசனம் என்கிற கோயில் விருந்துச் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து அதைப் பார்த்தேன். கைகூப்பிய படம் ஒன்றை அதன் கீழே போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். அங்கிருந்து அது எந்த வழியாக எந்தப் போனுக்குப் போனது என்று எனக்குத் தெரியாது. வாட்சப்பில் ஏறினதற்கு வழி கேட்டுப் பிரயோசனம் இல்லை.

திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த நாள் குரல் செய்தி வந்தது.

"டீச்சர், அந்த வீடியோவ மாமி கேட்டுட்டாக. தெருவே கேட்டுட்டு. எங்க மாமி அப்படிப்பட்டவங்க இல்ல டீச்சர். நான் அப்படி ஒரு வார்த்த உங்ககிட்டச் சொல்லிருக்கனா? மாமிய இப்படிப் பேசின இடத்துல நான் எப்படி உக்காந்து படிக்க?"

அழுதுகொண்டே பேசியிருந்தாள். அவள் அழுகிற குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நான் பதில் யோசிப்பதற்குள் குழுவிலிருந்து விலகிவிட்டாள். 

ஐயரிடம் ஓடினேன். விவரம் சொன்னதும், அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அந்த ஆராதனை வீடியோவையே எடுத்துவிடச் சொன்னார். கமிட்டி அண்ணாச்சிக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஜெபம் பண்ணது ஒரு குத்தமா? அந்தப் பிள்ளதானே கேட்டுச்சு?" என்றார். கோயில் வராந்தா என்றும் பாராமல் கத்திவிட்டேன். "ஜெபந்தான் கேட்டுச்சு அண்ணாச்சி. மாமியார ஏசச் சொல்லிக் கேக்கல." கத்திவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, அந்தக் கோபத்தில் பாதி என்மேல் உள்ளது என்று தெரிந்தது. அண்ணாச்சி பாவம், அவர் வகுப்பும் எடுக்கவில்லை, ஐயரம்மாவுக்குப் போன் போட்டதும் அவர் இல்லை.

ஐயரம்மாவிடமும் போய்ச் சொன்னேன். "நாந்தான சொன்னேன், நாந்தான் போய்க் கேக்கணும். நீ கூட வாரியா?" என்றார். நாங்கள் வரலாமா என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். மாமி வரச் சொல்லுதாக என்று பதில் வந்தது. புளியங்குடி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம்.

கதவைத் திறந்தவர் மாமியார்தான். என் வயதுதான் இருக்கும், ஐம்பதைத் தாண்டவில்லை. இடுப்பில் பேரக் குழந்தை. நான் மனதில் வைத்திருந்த மாமியாருக்கு நரைத்த தலையும் இறுகின உதடும் இருந்தன. இவருக்குச் சிரித்த முகம். அன்றைக்கு மட்டும்தான் அது சிரிக்கவில்லை. உட்காரச் சொல்லி, மருமகளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். அவள் டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் அந்த முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஐயரம்மா எழுந்து நின்று கைகூப்பினார். "நான் உங்களப் பாத்ததும் இல்ல, பேசினதும் இல்ல. தெரியாம வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கிடுங்கம்மா." சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"உக்காருங்கம்மா. நீங்க கெட்ட எண்ணத்துல சொல்லலன்னு எனக்குத் தெரியும்" என்றார் மாமியார். "ஆனா ஆண்டவன்ட்ட போயி என் மனசு கல்லுன்னு சொல்லிட்டீகளே. அதத்தான் தாங்க முடியல."

குழந்தையை மடியில் சரியாக உட்கார வைத்துக்கொண்டு மேலே சொன்னார். "மத்தியானம் ஆச்சுன்னா போனத் தூக்கிட்டு மாடிக்குப் போவா. என்னத்தப் படிக்கான்னு தெரியாது, படிக்கான்னு தெரியும். வாய்க்குள்ளயே இங்கிலீசு முணுமுணுத்துக்கிட்டுல்லா அடுப்படியில நிப்பா. அவளா சொல்லட்டும்னு இருந்தேன். அந்நேரம் இந்தப் பிள்ளைய யாரு வச்சுக்கிட்டு இருந்தான்னு நினைக்கிய? நாந்தான் தூங்க வச்சேன்."

வாசல் நிலையில் சாய்ந்து நின்றிருந்த மருமகள் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் அது அந்த வாரத்தில்தான் தெரிந்திருக்கிறது. எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிந்தது. நான் நடத்திய ஒவ்வொரு வகுப்பையும், எனக்குத் தெரியாமலே, இந்த அம்மா கீழே உட்கார்ந்து நடத்தித் தந்திருக்கிறார்.

ஆனாலும் டீச்சர் புத்தி போகுமா? பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பது ஒன்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "எங்க மேல உள்ள கோவத்த எங்ககிட்டயே வச்சுக்கிடுங்க. பிள்ள இந்தத் தடவ நிச்சயமா பாஸ் பண்ணிரும். வகுப்புக்குக்கூட வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் அனுப்புங்கம்மா" என்று கெஞ்சினேன்.

அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம்தான் இருந்தது.

"எனக்கு மட்டும் ஆச இல்லையா டீச்சர்? இந்த வீடியோ வாரதுக்கு முந்தி, நான் படிக்கேன் மாமின்னு அவ ஒரு வார்த்த சொல்லிருந்தா, நானே கூட்டிட்டுப் போயி பரீட்ச முடியுத மட்டும் வெளிய உக்காந்திருப்பேன். இப்ப எப்படி அனுப்ப? இப்ப அனுப்புனா, கோயில்ல ஜெபம் பண்ணாக, அவ மாமியா மனசு எளகிட்டுன்னுல்லா ஊரு சொல்லும். கல்லா இருந்தவ ஜெபத்துல கரைஞ்சுட்டான்னு ஆயிரும்லா. நான் கல்லே இல்லையே டீச்சர்."

ஐயரம்மா என் கையைப் பிடித்தார்.  ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு எழுந்தோம். ஊர் மறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று வாசல்வரை வந்து சொன்னார் அவர். மரியாதைக்குச் சொன்னது.

அவள் அந்தப் பரீட்சையை எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்ததையும் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். வகுப்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. குருவிகுளத்துப் பெண் பாஸ் பண்ணிவிட்டாள். நான் ஒரு விதியைச் சொல்லி முடித்தால், இப்போது எல்லாரும் சரி டீச்சர் என்கிறார்கள்.

அந்த அம்மா கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம், ஊர் பேச்சுக்குப் பயந்து ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டார் என்று எங்கள் சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். நான் வாய் திறப்பதில்லை. எங்கள் சபையில் சாட்சி சொல்வது என்று ஒன்று உண்டு. ஜெபத்துக்குப் பதில் கிடைத்தால் ஆராதனையில் எழுந்து மைக்கைப் பிடித்து, ஊர் கேட்க அதைச் சொல்ல வேண்டும். அந்த வீடியோவைக் கேட்ட மறுநாளே அவர் கோபத்தை விழுங்கிவிட்டு மருமகளைப் பரீட்சைக்கு அனுப்பியிருந்தால், நாங்கள் அவர் வீட்டுக்கும் போயிருக்க மாட்டோம், மன்னிப்பும் கேட்டிருக்க மாட்டோம். கடையநல்லூரில் ஒரு கல்லான இருதயம் உடைந்தது என்று அடுத்த ஞாயிறே சாட்சி சொல்லியிருப்போம். முதல் ஆளாக நான் எழுந்து நின்றிருப்பேன்.